அடுத்த வாரமும் அதே வலி

ஹவ்வா முட்டைக்கோஸ் சாக்கை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. பேனாவை வாங்கி, தன்னால் மாடிப்படி ஏறவே முடியாது என்று தாளில் குறி போட்டாள்.

"கொஞ்சம்கூட முடியாதா, பெரியம்மா?" என்று கேட்டாள் பெல்கிஸ்.

"கொஞ்சம்கூட முடியாது."

"இது ரெண்டாவது மாடி. லிஃப்ட்டும் வேலை செய்யலை."

"அதான் சொல்றேன். எவ்வளவு கஷ்டப்பட்டு வந்திருக்கேன் பாரு."

பெல்கிஸ் தாளைப் பார்த்தாள். நடக்க முடியாது. உட்கார முடியாது. சாமான் தூக்க முடியாது. எல்லாக் கேள்விக்கும் கடைசிக் கட்டத்தில் குறி. தூக்கம் எப்படி என்ற கேள்வியில் மட்டும் ஹவ்வா சற்றுத் தயங்கினாள். தன் குறட்டையைப் பற்றி வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாரே என்று யோசித்தாள். பிறகு அதற்கும் கடைசிக் கட்டத்தையே தேர்ந்தெடுத்தாள்.

அன்று காலை தாள் வாங்கிய எல்லோரும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். தாள்களை நம்பினால், அந்த வராந்தாவில் இருந்த ஒருவரும் ஆம்புலன்ஸ் இல்லாமல் வந்திருக்க முடியாது.

பெல்கிஸ் பிசியோதெரபிஸ்ட். கருங்கடல் ஓரத்து அந்த ஊரின் அரசு மருத்துவமனைக்குக் குளிர்காலத்தில்தான் மாற்றலாகி வந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவள் கல்யாணமாகி அங்காராவுக்குப் போய்விட்டாள். வராந்தாக் கோடியில் தேநீர்க் கடை வைத்திருந்த செலாமி, எதையோ கனமாகத் தூக்கி முதுகெலும்பு டிஸ்க் விலகி, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீட்டில் படுத்திருந்தார். கேஸ் சிலிண்டர் என்று ஒருவர் சொன்னார். நிலக்கரி மூட்டை என்று இன்னொருவர். அந்த வராந்தாவை முழுதாக அறிந்தவர்கள் அந்த இருவர்தான். இருவரும் இல்லை. செலாமியின் கடை இருந்த இடத்தில் நாணயம் போட்டால் தேநீர் ஊற்றும் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் தேநீரைக் குடித்தவர்கள் செலாமியின் முதுகுக்காகத் தினமும் வேண்டிக்கொண்டார்கள்.

பெல்கிஸின் வேலை இரண்டு. ஒன்று சம்பளத்துக்கு, மற்றொன்று முதுகலை ஆய்வுக்கு. எலும்பு, மூட்டு, தசை வலி உள்ளவர்களிடம் கேட்பதற்கென்று ஆங்கிலத்தில் செய்யப்பட்ட ஒரு வினாத்தாளைத் துருக்கி மொழி பேசும் நோயாளிகளுக்குப் பொருந்தும்படி ஆக்க வேண்டும். மொழிபெயர்ப்பது பாதிதான். கோல்ஃப் விளையாட முடிகிறதா என்பதை எடுத்துவிட்டு, அந்த மலைகளில் விளையும் ஹேசல் கொட்டையின் கிளையை வளைத்துப் பறிக்க முடிகிறதா என்று போட்டாள். தொட்டிக் குளியலை எடுத்துவிட்டு, தொழுகையில் மண்டியிட்டு எழ முடிகிறதா என்று போட்டாள். அது ஏன், இது ஏன் என்று தாளை உருவாக்கிய ஆங்கிலக்காரர்கள் கடிதம் எழுதினார்கள். மலைச்சரிவில் கொட்டை பறிக்கும் பெண்களின் படம் ஒன்றை அனுப்பினாள். அதன் பிறகு அவர்கள் எதுவும் கேட்கவில்லை.

மீதிப் பாதி, அந்தத் தாள் உண்மையிலேயே வலியை அளக்கிறது என்று நிரூபிப்பது. அதற்கு ஒரு வழி உண்டு. உடல்நிலை மாறாத ஒருவர் இந்த வாரமும் அடுத்த வாரமும் ஒரே பதிலைத் தர வேண்டும். இடையில் வைத்தியம் எதுவும் நடக்கக் கூடாது. சிகிச்சைக்கான முறைக்காகக் காத்திருப்பவர்கள் அதற்குத் தோதானவர்கள். செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருகிறவர்கள், முறை வந்ததா என்று கேட்க அப்படியே மாடியேறி வருவார்கள். வந்தால் சீக்கிரம் போக மாட்டார்கள்.

அவளுக்கு அவகாசம் இரண்டு முறை நீட்டிக்கப்பட்டிருந்தது. மூன்றாவது முறை கிடையாது. வசந்தம் முடிவதற்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்தாகும். ஆனால் அவள் விடாமல் இழுத்துக்கொண்டிருந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. அவள் அம்மா சட்டை தைக்கும் ஆலையில் வேலை செய்தவள். கழுத்து வலி என்று போன இடத்திலெல்லாம் படம் எடுத்தார்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்று அனுப்பினார்கள். ஒன்றும் இல்லாத கழுத்தோடு அவள் கடைசிவரை தலையைத் திருப்பாமலே வாழ்ந்தாள். நோயாளி சொல்வதற்கும் தாளில் ஓர் இடம் வேண்டும் என்று பெல்கிஸ் நினைத்தாள்.

இப்போது இடம் கொடுத்திருந்தாள். அவர்கள் பொய் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒருவரைத் தவிர. உடற்பயிற்சி அறையின் கதவை ஒட்டிய மூலை நாற்காலியில், தேய்த்த பழுப்புக் கோட்டும் முழங்கால்மேல் தொப்பியுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். பெயர் ரெஃபிக். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். காலடியில் சந்தைக் கூடை. வலி எங்கே என்று பெல்கிஸ் கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது தோள்" என்றார். இப்போது வைத்தியம் ஏதாவது நடக்கிறதா என்று கேட்டாள். "இல்லை. இப்போ ஒண்ணும் நடக்கலை" என்றார். தாளை வாங்கி ஒவ்வொரு கேள்வியையும் படித்து, கண்ணை மூடி, திறந்து, குறி போட்டார். அவருடைய குறிகள் தாள் முழுதும் இங்கும் அங்குமாக இருந்தன. உண்மையான ஓர் உடம்பு அப்படித்தான் இருக்கும்.

ஆய்வு வழிகாட்டியான பேராசிரியர் ருஷ்துவிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் சிக்கனமான மனிதர். அனுதாபத்திலும்.

"எல்லாருக்கும் நாற்பது டிகிரி காய்ச்சல் காட்டுற தெர்மாமீட்டரை என்ன பண்ணுவே, பெல்கிஸ்?"

"தூக்கிப் போடுவேன், சார்."

"பண்ணு," என்று போனை வைத்துவிட்டார்.

காரணம் ஷபான் மூலமாகத் தெரிந்தது. ஷபான் கழுத்துப் பட்டை போட்ட வழுக்கைத் தலையர். தாளைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கு எத்தனை சதவீதம் வந்துச்சு?" என்று கேட்டார். எதில் என்றாள். "ஊனச் சான்றிதழுக்குத்தான். நாற்பதுக்கு மேல வந்தா சொல்லுங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஆக, எல்லோரும் உதவித்தொகைக்காகத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெல்கிஸ் ஓர் அறிவிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினாள். இந்தத் தாளுக்கும் சான்றிதழுக்கும் ஓய்வூதியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர் எழுத வேண்டாம், உங்களுக்குத் தந்த எண் போதும். உண்மையை மட்டும் எழுதவும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோரும் குணமாகியிருந்தார்கள்.

ஹவ்வா கைத்தடியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மாடிப்படியில் சிரமமே இல்லை என்று எழுதினாள். கொட்டை பறிப்பதிலும் இல்லை. தொழுகையிலும் இல்லை. ஷபான் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கோட்டுப் பையில் திணித்திருந்தார். பை புடைத்துக்கொண்டிருந்தது. தன்னால் மூட்டை தூக்க முடியும் என்று எழுதினார். எழுதும்போது அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருந்தது. ரெஃபிக்கின் தாள் மட்டும் போன வாரத்தைப் போலவே இருந்தது. ஒரு குறிகூட மாறவில்லை.

பெல்கிஸ் ஹவ்வாவை ஜன்னலோரம் அழைத்துப்போனாள்.

"பெரியம்மா, போன வாரம் உங்களால உட்காரக்கூட முடியலை."

"போன வாரம் போன வாரம்."

"என்ன நடந்துச்சு?"

ஹவ்வா சுற்றுமுற்றும் பார்த்தாள். "உண்மையை மட்டும் எழுதவும்னு போட்டிருக்கே. நல்லதுக்கா ஒருத்தன் அப்படி எழுதுவான்? பொய்ச் சான்றிதழைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடுன்னு எங்களுக்குத் தெரியும். உன்மேல தப்பில்லை, மகளே. மேலிடத்துல சொல்லியிருப்பாங்க. ஆனா அந்த ஆளை மூலையில உட்கார வைக்காதே. எல்லாரும் கண்டுபிடிச்சாச்சு."

"எந்த ஆளை?"

"இன்ஸ்பெக்டரை."

பெல்கிஸ் திரும்பிப் பார்த்தாள். ரெஃபிக் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அவர் நோயாளி, பெரியம்மா."

"நோயாளின்னா முனகுவான். இவர் முனகி யாராவது கேட்டிருக்கோமா? உள்ளே கூப்பிட்டு யாராவது பார்த்திருக்கோமா? கோட்டைப் பாரு, மடிப்புக் கலையலை." கடைசிச் சான்றை ஹவ்வா இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அந்த மிஷின் டீயைக் குடிச்சுட்டு ஒண்ணுமே சொல்லாம உட்கார்ந்திருக்கார். கவர்மென்ட் ஆளைத் தவிர வேற யாரால முடியும்?"

பெல்கிஸ் வராந்தாவின் நடுவில் நின்று அறிவித்தாள். ரெஃபிக் பெரியப்பாவும் உங்களைப் போல ஒரு நோயாளிதான், வேறு யாரும் இல்லை. எல்லோரும் ஒரே குரலில், ஆமாம், நோயாளிதான் என்றார்கள். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதிலிருந்தே நம்பவில்லை என்று தெரிந்தது.

அதற்கு அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசமானது. ரெஃபிக் வந்து உட்கார்ந்ததும் ஒரு பெண் தன் மெத்தையை எடுத்து அவர் நாற்காலியில் போட்டாள். ஒருவர் முட்டை கொடுத்தார். ஒருவர் பாலாடைக் கட்டி. ஹவ்வா சாக்கிலிருந்து பெரியதாக ஒரு முட்டைக்கோஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். ரெஃபிக் ஒவ்வொருவரிடமும் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து வாங்கிக்கொண்டார். "நீங்கல்லாம் நல்லா இருக்கணும். ஆண்டவன் உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்" என்றார். ஒரு முட்டைக்கோஸுக்கு இது கொஞ்சம் அதிகம் என்று பெல்கிஸுக்குத் தோன்றியது.

எல்லோரும் போன பிறகு அவளிடம் வந்தார்.

"நல்ல ஜனங்க," என்றார். "நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொன்னதில்லை. அவங்களாவே கொண்டுவந்து கொடுக்கறாங்க."

லஞ்சம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. அவள் தலையாட்டினாள்.

அன்று இன்னொன்றும் நடந்தது. ஹவ்வாவின் சாக்கு படியில் சரிந்தது. ரெஃபிக் குனிந்து, ஒரே வீச்சில் அதைத் தூக்கி இடது தோளில் போட்டுக்கொண்டு, மினிபஸ்வரை கொண்டுபோய் வைத்தார். பெல்கிஸ் ஜன்னலில் நின்று பார்த்தாள். இடது தோள். அவளிடம் இருந்த ஒரே நல்ல தாளின் இடது தோள். பிறகு, அது வலது தோளாகவும் இருக்கலாம், ஜன்னல் கண்ணாடி சுத்தமில்லை என்று முடிவு செய்தாள்.

அவர் நோயாளி என்பதை ஊரை நம்பவைக்க ஒரே வழிதான் இருந்தது. அடுத்த வாரம் அவரருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்ல முடியுமா என்று கேட்டாள். ரெஃபிக் தொப்பியைத் திருப்பினார். வராந்தாவைப் பார்த்தார். தனக்கு முட்டையும் பாலாடைக் கட்டியும் தந்தவர்களைப் பார்த்தார்.

"கேளு, மகளே," என்றார். "இவங்ககிட்ட சொல்லலாம்."

"கோட்டுப் போட்டுக்க முடியுதா?"

கண்ணை மூடிக்கொண்டார். "பின்னால ஒரு ஆள் நின்னு பிடிச்சா முடியும். முதல்ல இடது கையை விடணும். மாத்தி விட்டா அன்னிக்குப் பூரா வலிதான்."

"தலை சீவ?"

"முன்பக்கம் மட்டும். பின்னால வேற ஆள் சீவி விடணும்."

"வீட்டுல சீவி விட ஆள் இருக்கா?"

"இல்லாம? தினமும் காலையில. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து."

ஷபானுக்குச் சிரிப்பு வந்தது. ஹவ்வா முழங்கையால் இடித்தாள்.

"துணி காயப்போட?"

"கொடியை இறக்கிக் கட்டியாச்சு, மார் உயரத்துக்கு. சட்டை தரையைத் தொடும். பரவாயில்லைன்னு விட்டாச்சு."

"கொட்டை பறிக்க?"

"கிளையை வேற ஆள் வளைச்சுப் பிடிச்சா பறிக்கலாம். கூடையை இடுப்புல கட்டக் கூடாது. தரையில வைக்கணும். பேச்சு வேற கொடுத்துக்கிட்டே இருக்கணும். பேசிக்கிட்டிருந்தா வலி கொஞ்சம் தெரியாது."

"தூக்கம்?"

"இடது பக்கம் திரும்ப முடியாது. அதனால கட்டில்ல பக்கம் மாத்திக்கிட்டோம்."

இயந்திரம் யாருக்கோ தேநீர் ஊற்றி முடித்து நின்றது.

"டாக்டர்கிட்ட காட்டினப்போ என்ன சொன்னாங்க?" இது தாளில் இல்லாத கேள்வி. பெல்கிஸ் தன்னை அறியாமல் கேட்டாள்.

"படம் எடுத்தாங்க. அதுல ஒண்ணும் இல்லைன்னாங்க."

பெல்கிஸ் அந்தப் பதிலைத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். பிறகு கடைசிக் கேள்வியைப் படித்தாள். "வீட்டுல உள்ளவங்களுக்கு நாம பாரமா இருக்கோம்னு தோணுதா?"

இந்த முறை ரெஃபிக் கண்ணை மூடவில்லை. சுவரைப் பார்த்தார்.

"அது மட்டும் எனக்குச் சரியாத் தெரியலை," என்றார். "நடுவுல போடு, மகளே."

போன முறைகளிலும் அந்தக் கேள்விக்கு மட்டும் நடுக் கட்டத்தில்தான் குறி போட்டிருந்தார். ஆண்களுக்கு அந்தக் கேள்வி எப்போதுமே சிரமம்தான் என்று பெல்கிஸ் நினைத்துக்கொண்டாள்.

ஹவ்வா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது பெல்கிஸின் காதருகே, "இன்ஸ்பெக்டர் இல்லை," என்றாள். "எந்த இன்ஸ்பெக்டருக்கும் துணிக்கொடி எவ்வளவு உயரம்னு தெரியாது."

சந்தேகம் தீர்ந்தது. பெல்கிஸ் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் கடலைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் நடந்தாள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம் தாங்கியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் இடது தோள் வலித்தது.

முழங்கால் நோயாளிகளுக்கு வலித்தது. இடுப்பு நோயாளிகளுக்கும் வலித்தது. ஹவ்வா மாடிப்படியை விட்டுவிட்டு, கோட்டுப் போடுவது சிரமம் என்று எழுதினாள். அவளிடம் கோட்டு கிடையாது, கம்பளிச் சால்வைதான். தலை சீவுவது மிகக் கடினம் என்று ஷபான் குறி போட்டிருந்தார். பெல்கிஸ் அந்தத் தாளையும் அவர் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஷபான் பெரியப்பா."

"அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கும் அப்படித்தான் இருக்குன்னு தோணிச்சு," என்றார் ஷபான். அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

பேராசிரியர் இந்த முறை கொஞ்சம் அதிகமாகப் பேசினார். முதல் வாரம் எல்லோரும் முடமானார்கள், இரண்டாம் வாரம் எல்லோரும் குணமானார்கள், இப்போது தோள் வலி தொற்றுநோயாகப் பரவியிருக்கிறது, இதை ஆய்வு என்று சொல்வதைவிட அதிசயம் என்று பதிவு செய்யலாம் என்றார். கடைசித் தேதியையும் நினைவுபடுத்தினார். அவளுக்கு அது மறந்திருக்கவில்லை.

அன்று வராந்தா காலியான பிறகு ரெஃபிக் மட்டும் மூலையில் இருந்தார். அவர் எப்போதும் கடைசியில்தான் போவார். பெல்கிஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்குமாக இயந்திரத்திலிருந்து தேநீர் வாங்கி வந்திருந்தாள்.

"உங்களால மட்டும் எப்படி முடியுது, பெரியப்பா? எல்லா வாரமும் அதே பதில். ஒண்ணுகூட மாறலை."

அவர் ஒரு வாய் குடித்தார். முகம் சுளிக்கவில்லை.

"ஒரு நாளை எடுத்துக்குவேன்," என்றார். "ஏதாவது ஒரு நாள். காலையில எழுந்ததுலேர்ந்து அந்த நாளோட கூடவே போவேன். எங்க எங்க வலிச்சுதோ அங்க நின்னு பார்ப்பேன். நீ கேட்கறதுக்கு அதுல பதில் இருக்கும்."

"மறந்து போகாதா?"

"போகட்டும்னு சில பேர் சொல்றாங்க," என்றார் ரெஃபிக். "எனக்கு அதுல இஷ்டமில்லை."

வலியை மறக்க இஷ்டமில்லாத நோயாளியை அவள் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அப்போது அவள் அதை யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தாளின் தலைப்பில் இருந்த வழிமுறையைக் கோடிட்டு அடித்தாள். 'கடந்த வாரத்தில் உங்கள் உடல்நிலையைப் பொதுவாக மதிப்பிடவும்' என்று இருந்தது. அதற்குப் பதிலாக, 'கடந்த வாரத்தில் ஒரு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். காலையிலிருந்து அந்த நாளோடு கூடவே போங்கள்' என்று எழுதினாள். ஆங்கிலக்காரர்களிடம் அனுமதி கேட்டாள். இது எங்கள் தாளில் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம் என்று அவர்கள் பதில் எழுதினார்கள்.

ஹவ்வா அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக் கேள்வியில் நிறுத்தினாள்.

"ஏறிடறேன்," என்றாள். "இறங்கறதுதான் முடியலை. பின்பக்கமாத் திரும்பி இறங்குவேன், குழந்தை மாதிரி. யாரும் பார்க்காதப்போ." ஹவ்வா தூக்கத்தில் சிரமமே இல்லை என்று குறி போட்டாள். "வீட்டுக்காரர் சொல்றது நிஜம்தான்," என்றாள்.

ஷபான் தலை சீவும் கேள்வியைக் காலியாக விட்டார். ஆனால் தொழுகையில் எழும்போது பக்கத்து ஆளின் தோளைப் பிடிக்கிறேன், அவர் அதற்காகவே தினமும் என் பக்கத்தில் நிற்கிறார் என்று ஓரத்தில் எழுதினார்.

அடுத்த வாரமும் அவர்கள் ஏறக்குறைய அதையே எழுதினார்கள். அதற்கடுத்த வாரம் வந்த புதியவர்களும் அப்படியே. ஏறக்குறைய என்பதுதான் முக்கியம். உயிருள்ள உடம்பு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கணக்குப் போட்டபோது தாள் தேறியது. பேராசிரியர் ருஷ்து "ம்" என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

கடைசித் தேதிக்குச் சற்று முன்னால் ஆய்வுக்கான வாய்மொழித் தேர்வு நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாமவர் மெல்லிய கண்ணாடி போட்ட பெண்மணி. பக்கங்களைப் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஒரு ஆள். எத்தனை முறை கேட்டாலும் ஒரு மயிரிழை மாறலை. எந்த நோயாளியும் இப்படி இருக்க மாட்டான். கல்லுகூட வெயிலுக்குக் கொஞ்சம் விரியும்."

பெல்கிஸுக்குச் சாக்கு நினைவுக்கு வந்தது. ஜன்னல் கண்ணாடி நினைவுக்கு வந்தது. ஆனால் கண்ணை மூடித் திறந்த முகமும், இறக்கிக் கட்டிய துணிக்கொடியும் அதைவிட உறுதியாக நினைவுக்கு வந்தன.

"தன் வலியை உண்மையிலேயே தெரிஞ்சவங்க சில பேர் இருக்காங்க, மேடம்," என்றாள். "இந்தத் தாளோட முதல் வரியே அவர் சொன்னதுதான். அவரை நான் முழுசா நம்பறேன்."

பெண்மணி பக்கத்திலிருந்து விரலை எடுத்தார். சரி, அந்த மனிதரின் மருத்துவக் கோப்பை மட்டும் ஒருமுறை பார்த்து, இடது தோள் என்று உறுதி செய்து எழுதி அனுப்பு, மூன்றாவது கையெழுத்தை அன்றைக்கே போடுகிறேன் என்றார். அவ்வளவுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை பெல்கிஸ் ஒரு பெட்டி பக்லவா இனிப்போடு மாடியேறினாள். வராந்தாவின் சத்தமே வேறு மாதிரி இருந்தது. இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கிச் சுற்றி வைத்திருந்தார்கள். செலாமியின் கடை திறந்திருந்தது. இடுப்பில் அகலமான பட்டை கட்டி, குனியாமல், கழுத்தை நீட்டித் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார் செலாமி. ஹவ்வா கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்து, "இதுதான் டீ" என்று எல்லோருக்கும் காட்டினாள்.

பெல்கிஸ் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். செலாமிக்கு அவளைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்தது. படுக்கையில் இருந்தாலும் ஊர்ச் செய்தி வந்து சேர்ந்துவிடும் என்றார். பக்லவாவை எடுத்துக்கொண்டார். ஆய்வு முடிந்ததற்கு வாழ்த்துச் சொன்னார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி, செலாமி அண்ணே," என்றாள் பெல்கிஸ். மூலை நாற்காலியைக் காட்டினாள். அது இன்னும் காலியாக இருந்தது. "அங்க ஒரு டீ எடுத்து வைங்க. ரெஃபிக் பெரியப்பா வர்ற நேரம். அவரோட தோள் வலி ஃபைலை எடுத்துப் பார்க்கணும்."

செலாமி ஊற்றுவதை நிறுத்தினார். நாற்காலியைப் பார்த்தார். ஒரு கை தானாக இடுப்புப் பட்டைக்குப் போயிற்று.

"அவருக்கு ஏதும்மா தோள் வலி? உள்ளே அவர் வீட்டம்மாவோட தோளுக்கு வைத்தியம் நடக்கும், இவர் அந்த நாற்காலியில காத்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அந்தம்மாவோட சவப்பெட்டியைத் தூக்கினப்போதான் என் முதுகு போச்சு."